கழுகு பார்த்த தாடை

அந்த ஸ்கேன் சென்டரில் அவளுக்குக் கழுகு என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, மேடம் என்று கூப்பிடுவார்கள். நாலடி நகர்ந்ததும் கழுகுதான். அவளுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதில் அவளுக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது. பதினேழு வருடமாகப் பல்லையும் தாடையையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறவள். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அகப்படாத மயிரிழை விரிசலை, டீ டம்ளரும் கையுமாகப் போகிற போக்கில் காட்டிக்கொடுத்துவிட்டுப் போவாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் சறுக்குகிற வரைக்கும் எந்த யானையும் அதை நம்புவதில்லை.

வியாழக்கிழமை காலை பத்து ஐந்துக்கு அவள் மேஜை இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். அடியில் கொழுந்தனின் பழுப்புக் கவர் ஒன்று கிடந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் ஸ்கேனுக்கு வந்தபோது அவன் கொண்டுவந்தது. உள்ளே பத்து வருடத்துக்கு முன் எங்கோ எடுத்த முழுத்தாடைப் படம். "பழைய படமும் இருக்கு அண்ணி, பாக்கறீங்களா?" என்று அவன் நீட்டியதற்கு, "புது மெஷின் இருக்கும்போது இந்தப் பழங்கதை எதுக்குத் தம்பி?" என்று வாங்கி இழுப்பறைக்குள் போட்டவள் இவள்தான். இன்றைக்குப் பத்தே முக்காலுக்கு அவனுக்கு இடது பக்கம் பல் பதிக்கிற ஆபரேஷன். சாயங்காலம் பார்க்கப் போகும்போது கொடுத்துவிடலாம் என்று கவரை எடுத்தவள், பழக்கதோஷத்தில் ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

இடது பக்கத்தில் இரண்டு குழாய் ஓடியது.

கீழ்த்தாடை எலும்புக்குள்ளே, பல் வேர்களுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு நரம்புக்குழாய் ஓடும். உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு அதற்குள்தான் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒற்றையாக ஓடி, மோவாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். ஆனால் கடவுள் எல்லாத் தாடையையும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டவில்லை. சிலருக்குக் குழாய் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். சிலருக்கு ஓட்டையே இரண்டு இருக்கும். மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பல் போன இடத்தில் திருகு பதிப்பதற்காக எலும்பைத் துளைக்கிற டாக்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். தெரிய வைக்கத்தான் இவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேனைக் கணினியில் திறந்து, குழாய் போகிற வழியெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே போனால், மெஷின் அந்தப் புள்ளிகளைச் சேர்த்துத் தடித்த சிவப்புக் கோடாகக் காட்டும். கோட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு இருக்கிறது என்று அளந்து எழுதினால், சென்டரின் ரிப்போர்ட் டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கோடு போட்ட பிறகு கண் கோட்டைத்தான் பார்க்கும், எலும்பைப் பார்க்காது. குழாய் பிரிகிற இடம் அந்தத் தடித்த கோட்டுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: ஒருவர் கோடு போட்டால், இன்னொருவர் கோட்டை அணைத்துவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே கழுகுதான்.

கொழுந்தன் வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேஜைக்காரன், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிறவன், சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். "அக்கா, லைனை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை பாத்துரட்டுமா?"

"எங்க வீட்டுத் தாடை, எனக்குத் தெரியாதா? நீ போய்ச் சாப்பிடு."

வெளியே நாற்காலியில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள், கொழுந்தனின் மனைவி. அந்த வீட்டில் யார் கெட்டிக்காரி என்று இந்த இரண்டு மருமகள்களுக்கும் நடுவில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பந்தயம் பன்னிரண்டு வருடமாக நடந்துவருகிறது. "எல்லாம் சரியா இருக்காக்கா?" என்று அவள் கேட்டாள். "என்கிட்டதானே விட்டிருக்கே, அப்புறம் உனக்கு என்ன கவலை?" என்று இவள் சொன்னாள். அதில் பாதி அன்பு, பாதி அலட்டல்.

இப்போது கழுகு ஃபிலிமை மேஜைமேல் போட்டுவிட்டு ஸ்கேனைத் திறந்தாள். சிவப்புக் கோடு அழகாக, ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. அவள் போட்ட கோடு. அதை அணைத்தாள்.

கோடு இருந்த இடத்தில், கடைவாய்ப் பல்லுக்குச் சற்றுப் பின்னால், குழாய் வாய் பிளந்துகொண்டு நின்றது. கீழ்க் கிளை அவள் கோடு போட்ட வழியில் போயிற்று. மேல் கிளை கொஞ்சம் ஏறி, பல் போன இடத்துக்கு நேர் அடியில் புகுந்து, முன்னால் போய்த் தனியாக ஒரு ஓட்டை வழியாக உதட்டுப் பக்கம் வெளியே வந்தது. கோட்டுக்கு மேலே பதினாலு மில்லிமீட்டர் எலும்பு என்று எழுதியிருந்தாள். மேல் கிளை ஒன்பதிலேயே இருந்தது. டாக்டர் பதினொன்று வரைக்கும் துளைக்கப் போகிறார்.



கொழுந்தன் ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் செய்கிறவன். நெருப்புச் சுடரில் கண்ணாடிக் குழாயை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே, வாயோரத்தில் கவ்விய ரப்பர் குழாய் வழியாக ஊதுவான். இளகின கண்ணாடி உப்பும். ஒரு மயிரிழை கூடினால் வெடித்துவிடும், குறைந்தால் சப்பிவிடும். எவ்வளவு மூச்சு என்பதைக் கண் சொல்வதற்குள் காரியம் கெட்டுவிடும். உதடுதான் சொல்ல வேண்டும். "மத்தவங்களுக்கு உதடு பேசறதுக்கு அண்ணி, எனக்குச் சாப்பாடு போடறதே இதுதான்" என்று அவனே கீழ் உதட்டைப் பிடித்து இழுத்துக் காட்டிச் சிரித்திருக்கிறான். அவன் ரப்பர் குழாயைக் கவ்வுவது இடதோரத்தில்.

அந்த நிமிஷமே அவள் போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எலும்புக்குள் வெள்ளையும் கறுப்புமாய் ஆயிரம் கோடு ஓடும், இதுவும் அப்படி ஏதாவதாக இருக்கலாமே என்று ஒரு நப்பாசை. தாடையைக் குறுக்கே வெட்டின துண்டுகளாக ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். முதல் துண்டில் வெள்ளை விளிம்போடு ஒரு சின்னக் கறுப்பு வட்டம். அடுத்ததிலும் அதே வட்டம். அதற்கடுத்ததிலும். ஐந்தாவது துண்டிலேயே சந்தேகம் தீர்ந்துபோயிற்று. ஆனாலும் இருபது துண்டு பார்த்தாள். பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒரு முறை பார்த்தாள். தெரிந்துபோனதையே திரும்பத் திரும்பத் தெரிந்துகொண்டிருந்தாள்.

பத்து பதினாலு.

சென்டரில் இன்னொரு விதியும் உண்டு. போன ரிப்போர்ட்டில் திருத்தம் என்றால் ரிப்போர்ட் டாக்டர் மூலமாகத்தான் போக வேண்டும். அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஓய்ந்தது. ஒல்லி தலையைத் தூக்கிப் பார்த்தான். "என்னக்கா, முகமெல்லாம் வேர்க்குது?" "ஒண்ணுமில்ல, ஏசி சரியில்ல" என்றாள். ஏசி ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளைப் பிடித்து நிறுத்தினது பயம் மட்டும் இல்லை. ஓரகத்தியின் நம்பர் கைபேசியில் இரண்டாவதாக இருந்தது. அழுத்தினால், "நான் பாத்தது தப்பு" என்று அவளிடம் சொல்ல வேண்டும். அந்த மூன்று வார்த்தைக்காகவே விரலை எடுத்துக்கொண்டாள். ரிப்போர்ட் டாக்டர் சொல்லிவிட்டால் அது சென்டரின் திருத்தமாகிவிடும், கழுகின் தப்பாக இருக்காது என்று மனம் ஒரு மூலையில் கணக்குப் போட்டது. கேட்டால் விதிப்படிதான் செய்தேன் என்று சொல்லியிருப்பாள். கடைப்பிடிக்க வேண்டிய விதியைக் காற்றில் விட்டவள், தூக்கிப் போட வேண்டிய விதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலாவது முறையும் ரிப்போர்ட் டாக்டர் எடுக்கவில்லை. ஆபரேஷனுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துத் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

பத்து முப்பத்தொன்றுக்கு அவரே கூப்பிட்டார். இவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"என்னம்மா இது, என்னை எதுக்குக் கேட்டுக்கிட்டிருக்கே? முதல்ல அங்க போன் பண்ணி நிறுத்தச் சொல்லு!"

கிளினிக் லைன் பிஸி. ஓரகத்தியை அழுத்தினாள். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"தம்பி எங்க?"

"உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா, பத்தேகாலுக்கே. முன்னாடி வரவேண்டியவர் வரலியாம். ஏன், என்னாச்சு?"

"கதவைத் தட்டு. டாக்டர்கிட்ட நிறுத்தச் சொல்லு. நான் பாத்தது தப்பு. தட்டு, போ!"

சொல்ல முடியாது என்று இருபத்தெட்டு நிமிஷம் பூட்டி வைத்த வார்த்தை, கடைசியில் தானாகவே வந்து விழுந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். கிளினிக் மூன்று தெரு தள்ளி. முதல் தெருவில் செருப்பு வார் அறுந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தெருவில் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து வழியை அடைத்து நின்றது. சுவரோரமாக ஒடுங்கிப் போனாள். ஒன்பது மில்லிமீட்டர், ஒன்பது மில்லிமீட்டர் என்று வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஓரகத்தி கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பல் டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நானே நிறுத்திட்டேன். ஊசி போட்டு நல்லா மரத்துப் போயிருந்தது. பத்து மில்லிமீட்டர்ல திடீர்னு ஷாக் அடிச்ச மாதிரி துள்ளினார். ரத்தமும் வந்தது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இங்க ஏதோ இருக்குன்னு. அவர் துள்ளி ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் இவங்க கதவைத் தட்டினாங்க."

ரெண்டு நிமிஷம்.

"திருகு வைக்கல. சுத்தம் பண்ணித் தையல் போட்டுட்டேன். நரம்பு அறுந்திருக்கா, லேசா உரசியிருக்கான்னு மரப்பு இறங்கினாத்தான் தெரியும். நாலஞ்சு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும். உணர்ச்சி வந்துட்டா நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். வரலைன்னா இன்னிக்கே மருந்தை ஆரம்பிச்சுடணும், தள்ளிப்போடக் கூடாது."

"ஆரம்பிச்சா வந்துருமா டாக்டர்?" என்று ஓரகத்தி கேட்டாள்.

"சில பேருக்கு வாரக்கணக்கு. சில பேருக்கு மாசக்கணக்கு." அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார்.

பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு சாய்வு நாற்காலி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பல் தேய்க்கும் முறைக்கு ஒரு படம். கொழுந்தன் சாய்வு நாற்காலியில் கன்னத்தில் ஐஸ் பையோடு கிடந்தான். பாதி வாய் இழுத்துக்கொண்டு சிரித்தான். "அண்ணி, என்ன செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு? யாரை அடிக்கப் போறீங்க?"

சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்தாள். மணி பதினொன்று, பன்னிரண்டு என்று நகர்ந்தது. ஓரகத்தி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

இப்பத்தான் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. "பத்து அஞ்சுக்கு" என்றாள்.

ஓரகத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து அஞ்சிலிருந்து முள் எங்கெல்லாம் போயிருக்கும் என்று அவள் மனசுக்குள் நகர்த்திப் பார்ப்பது இவளுக்குத் தெரிந்தது. கத்துவாள், என்கிட்டதானே விட்டிருக்கே என்று அன்றைக்குப் பெருமையடித்தீர்களே என்று கேட்பாள் என்று காத்திருந்தாள். கேட்டால் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா" என்றாள் ஓரகத்தி. அவ்வளவுதான்.

"ஏய், விடு" என்றான் கொழுந்தன், ஐஸ் பைக்குப் பின்னாலிருந்து. "அண்ணி வேணும்னா பண்ணினாங்க? செருப்பு அறுந்தும் நிக்காம ஓடி வந்திருக்காங்க."

ஒரு மணிக்கு நாக்குக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. இரண்டு மணிக்கு மோவாய் குறுகுறுக்கிறது என்றான். ஒவ்வொன்றாகத் திரும்பி வர வர இரண்டு பெண்களுக்கும் மூச்சு வந்தது. நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாமலே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தெரிந்த சாமிக்கெல்லாம் கழுகு வேண்டிக்கொண்டாள். எனக்குக் கழுகும் வேண்டாம், காக்காயும் வேண்டாம், அந்த உதடு ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு.

மூன்றரைக்கு டாக்டர் வந்து பார்த்தார். இடது உதட்டோரம் கட்டைவிரல் நகம் அளவு இடம் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. "சுத்தி எல்லாம் முழிச்சுட்டுது. இது மட்டும்தான் பாக்கி. நாலரை வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். "உங்களுக்குத்தான் தெரியுமே, பஞ்சை வெச்சு அப்பப்போ தொட்டுப் பாருங்க" என்று இவளிடம் ஒரு பஞ்சுத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலேகால். பஞ்சை நூலாகத் திரித்தாள். "தம்பி, கண்ணை மூடிக்கோ. நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லணும். சரியா?"

"சரி டீச்சர்."

வலது உதட்டைத் தொட்டாள். "ம்." மோவாயைத் தொட்டாள். "ம்." இடது உதட்டோரத்துக்குப் போனாள். முழங்கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டாள். பஞ்சு நுனி உதட்டில் பட்டது.

"ம்."

ஓரகத்தி சட்டென்று நிமிர்ந்தாள். இன்னொரு முறை தொட்டாள். "ம்." இன்னொரு முறை. "ம்." ஓரகத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்குள்ளேயே சிரித்தாள். "வந்துருச்சுக்கா!" என்று இவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். காலையிலிருந்து அவள் இவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கழுகுக்கு உடம்பெல்லாம் காற்றாகிவிட்ட மாதிரி இருந்தது. போதும், பஞ்சைப் போட்டுவிட்டு எழுந்து, உணர்ச்சி வந்துவிட்டது டாக்டர் என்று சொல்லிவிட்டு, மூன்று பேருமாக வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் பதினேழு வருடப் பழக்கம் விடவில்லை. அந்த மூன்று 'ம்'மும் ஒரே இடைவெளியில் வந்தன. அவள் தொடுவதற்கு முன்னும் பின்னுமாக, எண்ணிச் சொல்வது போல.

பஞ்சை எடுத்து மடியில் வைத்தாள். கை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ம்" என்றான் கொழுந்தன்.

ஓரகத்தியின் கை தோளிலேயே நின்றுவிட்டது.

"இப்போ தெரியுதா தம்பி?"

"தெரியுது அண்ணி. நல்லாவே தெரியுது. நீங்க சும்மா பயந்துக்கிட்டு..."

இதை நம்பிவிடலாமே என்று ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், அவளுக்கு ஆசையாக இருந்தது. அவனே தெரிகிறது என்கிறான், இவள் யார் இல்லை என்று சொல்ல? காலையிலும் இப்படித்தான் ஒரு ஆசை வந்தது.

"கண்ணைத் திறக்காத தம்பி, இன்னும் முடியல" என்றாள். குரல் எப்படியோ சாதாரணமாக வந்தது. ஓரகத்தியைப் பார்த்து, டாக்டரைக் கூட்டிக்கொண்டு வா என்று வாயசைத்தாள்.

ஓரகத்தி தலையை ஆட்டினாள். எழுந்தவள், போகாமல் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் இடது உதட்டோரத்திலிருந்து எச்சில் மெல்லியதாக இறங்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை மடித்து, ஒரு முறை ஒற்றினாள். மறுபடியும் ஒற்றினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்து அண்ணி எப்போது தொடுவாள் என்று காத்திருந்தான். கைக்குட்டை பட்ட இரண்டு தடவைக்கும் 'ம்' சொல்லவில்லை.